பண்டகசாலைத் தெருவில் விடைபெறும் முறை

ஊர்காவற்றுறைப் பண்டகசாலைத் தெருவுக்குள் வந்தவர், திரும்பி வருவதாக மனதாரச் சொல்லாமல் வெளியேற முடியாது என்பது 1983 ஆவணியில் தெரிய வந்தது. அதே மாதம் மண்ணெண்ணெய்க்கும் விலை ஏறியது. சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் கிணறுகளைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிழக்கு முனையைத் தாண்டினார். தாண்டிய கால் மேற்கு முனையில், கடைசி வீட்டு வாசலில் பட்டது. மத்தியானம் வரை சுற்றினார். அந்த வீட்டில் அப்பம் சுட்டு விற்கும் பிலோமினம்மா இரக்கப்பட்டு ஒரு பாலப்பம் கொடுத்தாள். இதற்காகவே இன்னொரு நாள் வரவேண்டும் என்று நினைத்தபடி, "அப்ப நான் வரட்டே?" என்றார். தெரு விட்டது.

நயினாதீவுக் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டு வரத் தொடங்க, அவர்களுக்குத் தெருவைக் காட்டும் வேலை மேரிஜோசப்பினிடம் வந்தது. எதையும் ஒழுங்காகச் செய்து, சரியாகத்தான் செய்தேனா என்று பிறகு யோசிக்கிற பெண் அவள். முதலில் வளைவு வாசல் வைத்த பழைய சரக்குக் கிட்டங்கி. அடுத்தது தம்பிஐயாவின் வீடு. அதன் கூரைக்குக் கப்பலொன்றின் பாய்மரத்தைக் குறுக்கே போட்டிருந்ததால், கச்சான் காற்று பெலத்தால் வீடு மெல்ல ஆடும், சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே சாப்பிட வேண்டும். பிறகு கிணறு. கடைசியில் பிலோமினம்மா. "சொல்லிப்போட்டுப் போங்கோ. வாயாலை மட்டும் இல்லை, வர நினைச்சுச் சொல்லுங்கோ" என்பாள் மேரிஜோசப்பின்.

அவளுடைய தம்பி எமிலியானுஸ் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டான். அவர்களுடைய தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தன் கையில் இல்லாததை வாக்காகக் கொடுப்பது பொய் என்று எமிலியானுஸ் முடிவு செய்தான். தொழிலுக்குப் போகும்போது, தெருவின் பிடி எட்டாத பின்மதிலேறிக் கடலில் குதித்து நீந்திப் படகுக்குப் போவான்.

அந்த வருடங்களில் சீருடைகள் மாறி மாறி வந்தன. தெருச்சனம் எல்லோரையும் பெயர் சொல்லாமல் 'அவையள்' என்றே சொன்னது. 1989 மாசியில் ஒரு பகல், அவையளில் ஐந்து பேர் எமிலியானுஸின் கைகளை அவனுடைய படகுக் கயிற்றாலேயே கட்டிக் கொண்டுவந்தார்கள். அவன் படகில் ஏற்றிவந்த ஆட்கள் இந்தத் தெருவில் ஒளிந்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கிழக்கு முனைக்கு வெளியே அவையளின் லொறி நின்றது. அதில் ஏற்றப்பட்ட எவரும் அதுவரை திரும்பியதில்லை.

"நீர்தானே வாறவைக்கெல்லாம் தெரு காட்டுறனீர்? எங்களுக்கும் காட்டும்" என்றான் தலைவன், மேரிஜோசப்பினிடம்.

வழக்கமான ஒழுங்கில் காட்டினாள். எந்த வீட்டிலும் ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் சொல்ல வேண்டியதை மட்டும் அவள் சொல்லவில்லை. தம்பியை இழுத்துக்கொண்டு அவையள் கிழக்கு முனையைத் தாண்டினார்கள். பிலோமினம்மாவின் வாசலில் நின்றார்கள். மறுபடியும் நடந்தார்கள், மறுபடியும் அங்கேயே நின்றார்கள். தம்பியை விட்டுப் போக மனமில்லாமல் மேரிஜோசப்பினும் கூடவே சுற்றினாள். சொல்லியிருக்க வேண்டுமோ? சொன்னால் லொறி. சொல்லாவிட்டால்?

தலைவன் துவக்கை எமிலியானுஸின் பிடரியில் வைத்தான். "உம்மட சூனியத்தை நிப்பாட்டும். இல்லாட்டி இவன்ரை கதை இதிலையே முடிஞ்சுது."

பிலோமினம்மா அப்பச்சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"எமிலு, நாளைக்கும் சுடுறன். உனக்கு எத்தினை வைக்க?"

"இவனுக்கு நாளையோ?" என்று தலைவன் சிரித்தான்.

"ரெண்டு வையுங்கோ மாமி. கரை முறுகினால் மூண்டும் தின்னுவான்" என்றாள் மேரிஜோசப்பின்.

எமிலியானுஸ் அக்காவைப் பார்த்தான். அப்பச்சட்டியைப் பார்த்தான். "ரெண்டு காணும் மாமி. இண்டையான் அப்பத்தை நாளைக்கு என்ரை தலையிலை கட்டிப்போடாதேங்கோ."

"ஓமடா, துரைக்குச் சூடாத்தான் வேணும்!"

"வேணும்தான்" என்றான். பிறகு, "அக்கா, போட்டு வாறன்" என்றான்.

கயிறு முடிச்சு அவிழாமல் தலைவனின் கையில் கிடந்தது. எமிலியானுஸ் மேற்கு முனைக்கு அப்பால் படகுகளை நோக்கி நடந்துகொண்டிருந்தான். சுட்டார்கள். குண்டுகள் மேற்கு முனையைத் தாண்டிக் கிழக்கால் வந்து கிட்டங்கிச் சுவரில் பதிந்தன. மேரிஜோசப்பின் "மாமி, நானும் வரட்டே?" என்று சொல்லிவிட்டுத் தம்பிக்குப் பின்னால் நடந்தாள். தலைவனும் அதே சொற்களைக் கத்தினான், மற்றவர்களும் கத்தினார்கள். ஆனால் இந்தத் தெருவில் இனி ஒருபோதும் கால் வைப்பதில்லை என்று ஐந்து பேரும் மனதுக்குள் சத்தியம் செய்திருந்தார்கள். தெரு விடவில்லை. நீந்தத் தெரியாததால் பின்மதில் வழியும் அவர்களுக்கு உதவவில்லை. லொறி பொழுதுபடும் வரை நின்றுவிட்டுப் போனது.

மறுநாள் காலை எமிலியானுஸ், வளர்ந்தபின் முதல் தடவையாகத் தானாகவே தெரு முனையால் நடந்து வந்து பிலோமினம்மாவின் படியில் குந்தி இரண்டு அப்பம் தின்றான். அவையள் ஐந்து பேரும் கடந்து போனபோது காலை மடக்கி வழிவிட்டான். அதன்பின் மேரிஜோசப்பின் கிட்டங்கிச் சுவரின் குண்டுத் துளைகளையும் காட்டினாள். எதிரே ஐந்து பேர் வந்தால் இடப்பக்கமாக ஒதுங்கச் சொன்னாள். பிலோமினம்மா அவையளுக்கும் நாள்தோறும் தேத்தண்ணியும் அப்பமும் கொடுத்தாள். நால்வர் நடந்தபடியே தின்றார்கள்.

ஐவரிலும் இளையவன் பங்குனியில் ஒரு நாள் படியில் குந்தித் தின்றான். விரலை நக்கிக்கொண்டு, "நாளைக்கும் இருக்குமோ மாமி?" என்று கேட்டான். "வந்தால் இருக்கும்" என்றாள். துவக்கைக் கிணற்றடியில் சாத்திவிட்டு, "அப்ப வாறன்" என்று சொல்லி வெளியே போனான். அடுத்த நாள் சீருடை இல்லாமல், சாரமும் சேட்டுமாக வந்து எமிலியானுஸுக்குப் பக்கத்தில் குந்தினான். மற்ற நால்வரும் கடந்து போனபோது இருவரும் காலை மடக்கினார்கள்.