ஒன்றே முக்கால் விநாடி

நாற்காலியின் மேல் முக்காலி, முக்காலியின் மேல் டெசிபல். நடனக் குழுவின் சவுண்ட்காரருக்கு அதுதான் பெயர். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தோள்வரை பரணுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மின்விசிறி இறக்கை ஒன்று அகப்பட்டது. ஒற்றைச் செருப்பு அகப்பட்டது. தேடியது மட்டும் அகப்படவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, எட்டாவது முறையாக. சுவரை விட்டுவிட்டு எடுத்தார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?" மேடை மேனேஜர். அந்தப் பெண் சாதாரணமாகப் பேசினாலே அதட்டுகிற மாதிரி இருக்கும். இன்று நிஜமாகவே அதட்டினாள்.

"பரண்ல."

"மணி மூணு பத்து. நாலு மணிக்குத் திரையைத் தூக்கணும். நீங்க பரண்ல உக்காந்திருக்கீங்க."

"உக்காரல. தொங்கிட்டு இருக்கேன்."

"கடைசி ஆட்டம் நாலு அம்பதுக்கு. அதுக்குள்ள அந்தக் குரல் வரலேன்னா ஆட்டத்தையே வெட்டிடுவேன். முன் வரிசையில மூணு பேர் வர்றாங்க. அவங்க தலையாட்டினாத்தான் நாம வெளியூர் போறோம். இல்லேன்னா இன்னியோட மூட்டை கட்டிட்டு வேற பொழப்பைப் பாக்க வேண்டியதுதான். புரியுதா?"

"புரியுது. போனை வைம்மா, ஒரு கை குறையுது."

எல்லாம் ஒரு தண்ணீர் பாட்டிலால் வந்த வினை. மதியம் ஒத்திகையின்போது கிதார்க்காரர் மூடியைச் சரியாகத் திருகாமல் பாட்டிலை டெசிபலின் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் திரும்பும்போது அதைத் தட்டியும் விட்டார். கம்ப்யூட்டர் ஒரு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு நிரந்தரமாக மூடிக்கொண்டது.

"பரவாயில்ல, பென்டிரைவ்ல இருக்கு" என்று டெசிபல் பெருந்தன்மையாகச் சொன்னார். வேறொரு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தபோதுதான் மானம் போனது. அவர் காப்பி எடுத்து வைத்திருந்தது ஒலியை இல்லை. ஒலி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற ஷார்ட்கட்டை. வீட்டைப் பூட்டிக்கொண்டு, சாவிக்குப் பதிலாகச் சாவியின் போட்டோவைப் பையில் போட்டுக்கொண்ட மாதிரி. முப்பது வருஷ அனுபவம்.

இனி ஒரே வழிதான். வீட்டில் இருக்கும் மூலப்பதிவு. ஐந்து வருஷமாக அவர் தொடாதது.

விரலில் ஒரு துணிப்பை தட்டுப்பட்டது. இழுத்தார். தூசியோடு சேர்ந்து கைக்கடக்கமான ஒரு ரெக்கார்டர் நெஞ்சில் வந்து விழுந்தது. முக்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முழங்கையில் தோல் வழன்றது. எழுந்து கதவைப் பூட்டினார். எதிர்வீட்டுக் கதவு வழக்கம்போல மூடியே இருந்தது. இந்தக் கட்டடத்தில் அவரோடு தினமும் பேசுவது லிஃப்ட் மட்டும்தான். அதுவும் மாடி எண்ணைச் சொல்லும், அதோடு சரி.

தெருமுனைக் கடையில் இரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினார். மூன்று இருபத்தைந்து.

விஷயம் இதுதான். ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ ஆடுகிற ஒரு பெண்மணி. ஷூவின் முனையிலும் குதிகாலிலும் சின்னச்சின்ன ஆணிகளை வரிசையாக அடித்துக்கொண்டு, மேடையைக் காலாலேயே தாளவாத்தியமாக்கும் ஆட்டம் அது. அதனால் போஸ்டரில் என்ன பெயர் இருந்தாலும் குழுவுக்குள் அவள் ஆணி. அவளுக்கு இந்தியக் கலை மேல் திடீர்க் காதல். ஆறு பட்டுப் புடவைகளை வெட்டி, ஜரிகை எல்லாம் விளிம்பில் சுழலுகிற மாதிரி ஒரு பாவாடை தைத்தாள். முத்திரைகள் கற்றாள். ஓர் இடத்தில் மான் முத்திரையைப் பிடித்துக் காதலனைக் கூப்பிடுவாள். காதலன் வராததற்கு அதுதான் காரணம் என்று டெசிபல் நினைத்தார், சொல்லவில்லை. சொன்னால் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது அவரோடு இல்லை.

எட்டு மாதம் முன்னால் அவள் அவரிடம் வந்து கேட்டாள். "சார், பரதநாட்டியத்துக்கு வாயால ஜதி சொல்வாங்களே, அது வேணும். ஆனா எங்க கணக்கு பன்னெண்டு. பன்னெண்டுல வர்ற ஜதி ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. சுத்தம் செய்த நான்கு நிமிஷப் பதிவு. ஒரு பெண் குரல், கூடவே தாளத்துக்குக் கட்டையில் அடிக்கும் தட்டுக்கழி. தகிட தகிட தக திமி தக. தகிட தகிட தக திமி தக.

முதல் ஒத்திகையில் ஒன்றும் ஒட்டவில்லை. ஜதி ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. கிதார்க்காரர் விரலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆணி வாய்க்குள் எண்ணுவதை டெசிபல் கவனித்தார். பன்னெண்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு...

"கடைசி நம்பர்லேருந்து எண்ண ஆரம்பிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"எங்களுக்கு முடியற இடம்தான் சார் ஆரம்பம்." சொல்லிவிட்டு அவளே நின்றாள். "இருங்க. அவங்க சொல்ற முதல் 'த' எங்க பன்னெண்டுல விழணும்."

அப்படி விழ வைத்தார்கள். மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு. அந்தக் குரல் அழுத்துகிற ஒவ்வொரு எழுத்திலும் அவள் குதிகால் போய் உட்கார்ந்தது. ரெண்டும் பிறந்ததிலிருந்து ஒன்றாக வளர்ந்த மாதிரி இருந்தது. கிதார்க்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

ஆனால் எல்லோரையும் அடித்துப் போட்டது ஜதி இல்லை. மூன்றாவது சுற்று முடிந்ததும் பதிவில் ஓர் இடைவெளி வரும். ஒன்றே முக்கால் விநாடி. குரல் இல்லை, தட்டு இல்லை, எதுவும் இல்லை. பிறகு நான்காவது சுற்று. ஆணி அந்த இடத்தில் வலது கையை உயர்த்தி அப்படியே உறைந்து நிற்பாள். அரங்கத்தில் ஒருவர் இருமமாட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த மௌனத்துக்கு மட்டும் முக்கால் பத்தி ஒதுக்கினார். இரண்டு கலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் தருணம் என்று எழுதினார்.

"அந்த மௌனம்தான் சார் இந்த ஆட்டமே" என்பாள் ஆணி. "யார் சார் அவங்க? பெரிய மேதையா இருக்கணும்."

"தெரிஞ்சவங்க."

அது மேதை வைத்த மௌனம் இல்லை. டெசிபல் வைத்தது. அந்த இடத்தில் ஜதி சொன்னவள் ஏதோ சொன்னாள். ஜதி இல்லாத ஒன்று. அவர் அதை அழித்தார். அழித்ததை ஒட்டிச் சேர்த்தால் தாளம் குதிக்கும் என்பதால் காலி அறையின் ஓசையை எடுத்து அதே நீளத்துக்கு நிரப்பினார். நல்ல சவுண்ட்காரன் அப்படித்தான் செய்வான்.

தெரிஞ்சவங்க என்றால் மனைவி. மாணவிகளுக்காக ஒரு பயிற்சிப் பதிவு வேண்டும் என்று அவள் கேட்டு, இதோ அதோ என்று ஒன்றரை வருஷம் இழுத்தடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்தார். அடுத்த வாரம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டைக்கு இரண்டு பேர் பேச வேண்டும். அவர் வேலையில் நாள் முழுக்க ஊர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். பாட்டுக்காக இல்லை, சும்மா. அவள் அவருடைய பின்மண்டையோடு பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினாள்.

எட்டு மாதமாக ஒவ்வொரு காட்சியிலும் கடைசி நான்கு நிமிஷம் அந்தக் குரல் அரங்கத்தை நிறைக்கும். யாருக்கும் தெரியாமல் அவர் அதற்காகத்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஆட்டம் இன்றோடு நின்றால், அதுவும் இன்றோடு நிற்கும்.

டாக்ஸி சிக்னலில் நின்றது. பேட்டரியைப் போட்டார். இயர்போனை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது, உயிரோடு இருந்தது. பொத்தானை அழுத்தினார்.

முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவது முடிந்தது.

டெசிபல் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், உடம்பு சரியில்லையா?" டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "ஏசியைக் கூட்டவா?"

"இல்லப்பா. நீங்க போங்க."

அன்று அந்த வார்த்தை வந்தபோது அவளுக்கும் அவருக்கும் நடுவே இரண்டு முழத் தூரம்கூட இல்லை. தலையாவது ஆட்டியிருக்கலாம். மீட்டரில் முள் சிவப்பைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு நான்காவது சுற்றை ஆரம்பித்தாள்.

அவர் அரங்கத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு பத்து. ஆட்டம் தொடங்கிவிட்டது. பின்பக்கக் கண்ணாடி அறையில் சவுண்ட் பலகை முன் உட்கார்ந்து, ரெக்கார்டரை ஒயரில் இணைத்தார். அளவு பார்த்தார். முன் வரிசையில் மூன்று தலைகள். ஒரு தலை குனிந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தது.

வெட்டி ஒட்ட அவருடைய கம்ப்யூட்டர் இல்லை. தேவையும் இல்லை. மூன்றாவது சுற்று முடிந்ததும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்து, ஒன்றே முக்கால் விநாடி கழித்து மேலே தள்ளினால் போதும். அந்த அளவு அவர் விரலுக்கு மனப்பாடம்.

நாலு நாற்பத்திரண்டு. கிதார் தனி ஆவர்த்தனம் நடந்தது. ஹெட்செட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஆணி, மேடையின் ஓரத்திலிருந்து.

"கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுது."

"உயிர் வந்துது. என் மௌனம் பத்திரமா இருக்குல்ல?"

இருக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொன்னது. "அந்த இடத்துல மௌனம் கிடையாதும்மா. அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க. நான்தான் அழிச்சேன். இப்ப இருக்கறது அழிக்காத பதிவு. நான் கையால இறக்கணும்."

அவள் ஷூவின் ஆணிகள் மரத்தில் மெல்ல உரசின.

"எட்டு மாசமா மேதை மேதைன்னு சொல்லிட்டிருந்தேன். சிரிச்சிருப்பீங்களே."

"சிரிக்கல."

"யார் சார் அவங்க?"

"வீட்டுக்காரி."

"வீட்ல இருக்காங்களா?"

"இல்ல."

ஒற்றைக் குதிகால் மட்டும் தட்டிப் பார்த்துக்கொண்டது. "சரி. இறக்கறதும் விடறதும் உங்க இஷ்டம். வார்த்தை வந்தா நான் பாத்துக்கறேன், வரலேன்னா வழக்கம்போல நிப்பேன். எதுன்னு மட்டும் முன்னாடி சொல்லாதீங்க. சொன்னா என் கால் யோசிக்க ஆரம்பிச்சிடும்."

"முன் வரிசையில மூணு பேர் இருக்காங்கம்மா."

"அவங்களுக்கும் காது இருக்கும் சார்."

"என்ன ரகசியம் அங்க?" மேடை மேனேஜர் குறுக்கே புகுந்தாள். "மேடம், ரெண்டு நிமிஷம். அண்ணே, இன்னொரு தடவை ஷார்ட்கட்டைப் போட்டீங்கன்னா உங்களையே பரண்ல போட்டுருவேன்."

விளக்கு மங்கியது. ஆறு புடவைகளின் ஜரிகையும் ஒரே வட்டத்தில் மின்ன, ஆணி நடு மேடைக்கு வந்து நின்றாள். டெசிபல் பொத்தானை அழுத்தினார்.

தகிட தகிட தக திமி தக.

பெரிய ஸ்பீக்கர்களில் அந்தக் குரல் எழுந்தது. குதிகால் ஒவ்வோர் எழுத்தையும் வாங்கித் திருப்பித் தந்தது. சுத்தம் செய்யாத பதிவு என்பதால் பின்னணியில் வேறு சில சங்கதிகளும் கேட்டன. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அவளுடைய வளையல் ஒரு முறை தட்டுக்கழியில் பட்டது. இதையெல்லாம் அவர்தான் ஒவ்வொன்றாகத் துடைத்திருந்தார்.

இரண்டாவது சுற்று. முன் வரிசையில் எழுதிக்கொண்டிருந்த தலை நிமிர்ந்தது.

மூன்றாவது. டெசிபலின் ஆள்காட்டி விரல் ஃபேடர் மேல் இருந்தது. இறக்க வேண்டியது ஓர் அங்குலம்.

திமி தக. முடிந்தது. ஆணியின் வலது கை உயர்ந்தது.

விரல் நகரவில்லை.

ஜதி சொல்லும் குரல் இல்லை இது. சமையலறையிலிருந்து, பால்கனியிலிருந்து, பின்மண்டைக்குப் பின்னாலிருந்து பதினாறு வருஷமாக வந்த குரல். அரங்கம் முழுக்க ஒலித்தது.

"ஏங்க, கேக்குதா?"

நடு வரிசையில் யாரோ ஒருவர், சவுண்ட் பரிசோதனை என்று நினைத்தாரோ என்னவோ, "கேக்குதும்மா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. உயர்த்திய கையை இறக்காமல், ஆணி ஒரே ஒரு முறை குதிகாலைத் தரையில் வைத்தாள்.

கண்ணாடி அறைக்குள் டெசிபலும் வாயைத் திறந்து அதே பதிலைச் சொன்னார். அந்த அறையிலிருந்து சத்தம் வெளியே போகாது.