வளைவு வரை நடந்தவன்

ஷவ்கிக்குக் கத்தியென்றால் குலை நடுங்கும். அதை வாய்திறந்து சொல்லித் தொலைத்திருந்தால் மன்சூரா நகரில் ஒரு பயலும் அவனைக் குறை சொல்லியிருக்க மாட்டான். ஆனால் அண்ணன் நஷ்அத்துக்கு ஈரல் அடியோடு கெட்டுவிட்டது, உயிரோடிருக்கும் சொந்தக்காரர் யாராவது தன் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று மருத்துவமனையில் சொன்னதும், சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில் நெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்தவன் இவன்தான்.

"என் அண்ணனுக்கு என் ஈரல்! பாதி எதுக்கு, முழுசாவே எடுத்துக்கட்டும்!"

அண்ணி இன்ஷிராஹ் அங்கேயே குலவையிட்டாள். இவனும் குளிர்ந்துபோய் மீசையைத் தடவிக்கொண்டான்.

அண்ணனுக்கு அந்த நோய் வந்த வழி இவனுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஊசியால் குத்திய காலம் அது. ஷவ்கி அழுது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நஷ்அத் தன் முறை முடிந்தும் மறுபடி வரிசையில் நின்று, தம்பி பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார். எந்தக் குத்தில் கிருமி ஏறியதோ, யார் கண்டது.

சொந்தத்தில் இவன் ரத்தம் மட்டுமே பொருந்தியது. ஈரல்தான் காலை வாரியது.

"ஈரல் முழுக்கக் கொழுப்புய்யா," என்றாள் டாக்டரம்மா. "இதை வெட்டினா உங்களுக்கும் ஆபத்து, வாங்கிக்கிறவருக்கும் ஆபத்து. மாத்திரை மருந்து தேவையில்ல. தினமும் வேர்க்க வேர்க்க நடங்க. நெய், இனிப்பு பக்கமே போகாதீங்க. ரெண்டு மாசத்துல கரைஞ்சிடும். அதுக்கு மேல உங்க அண்ணன் தாங்கமாட்டாரு."

மறுநாளே நைல் கரையில் நடை தொடங்கியது. நஷ்அத்தும் கூடவே வந்தார். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, செருப்புகூட நுழையாத மனிதர்! சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, "நீ போயிட்டு வாடா தம்பி, நான் இங்கேயே இருக்கேன்," என்றார்.

கரை ஓரிடத்தில் வளைந்து திரும்பும். வளைவைத் தாண்டினால் பெஞ்சு தெரியாது. தெரிவது பதீர்க்கடை. அடுக்கடுக்காக நெய் பூசி அடுப்பில் வாட்டிய பதீர் ரொட்டி, மேலே தேன். ஷவ்கி நின்றான். மூக்கு போன பக்கம் கால் போனது. உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றான். தின்னும்போது அவனுக்கே ஒன்று உறைத்தது. கொழுப்பு கரையாவிட்டால் கத்தி கிடையாது. மாட்டேன் என்று சொல்லவும் வேண்டாம், வெட்டுப்படவும் வேண்டாம். அட பாவி!

ஆற்றுத் தண்ணீரை முகத்திலும் சட்டையிலும் அள்ளித் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல் திரும்பி வந்தான். நஷ்அத் அவன் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து நெற்றி, கன்னம், மீசை என்று மெதுவாகத் துடைத்துவிட்டார்.

"ரொம்ப வேர்த்துடுச்சு, பாவம்," என்றார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம் தினமும் இதே கூத்துதான். தெருவே இவனை வாழ்த்தியது. "ஏ ஷவ்கி! ஒட்டகம் தோத்துச்சு போ!" என்பான் மீன்காரன். கால்சட்டை இடுப்பில் இறுகியது. "சிலருக்கு நடந்தா சதை போடும்," என்று நாவிதன் சமாதானம் சொன்னான். பெஞ்சில் அண்ணன் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே போனார். இவன் கண்ணால் பார்த்தான், பார்த்துவிட்டு வளைவைத் தாண்டிப் போய்த் தின்றான்.

ரெண்டு மாதம் கழித்து டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். "முன்னைவிட ஏறியிருக்கு. நிஜமா நடந்தீங்களா?"

பதில் சொன்னவர் நஷ்அத்.

"நடந்தான்மா. நான்தான் தினமும் உட்கார்ந்து பார்த்தேனே. அவன் உடம்புவாகு அப்படி. விடுங்க."

காரில் ஷவ்கி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினான். அழுகிறான் என்று அண்ணி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அது அழுகையல்ல. கத்தி இல்லை, இனி கத்தியே இல்லை என்ற நிம்மதியில் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நோன்பு மாதம் பிறக்கும் முன்னே நஷ்அத் போய்விட்டார். துக்கப் பந்தலின் வாசலில் நின்று கைகொடுக்கிற இடம் தம்பிக்குத்தானே. வந்தவர்களெல்லாம் இவனைக் கட்டிக்கொண்டார்கள். "அண்ணனுக்காகக் காலைத் தேய்ச்சியேப்பா, அல்லா அதை மறக்கமாட்டான்." கேட்கக் கேட்க, உண்மையிலேயே நடந்ததாக அவனுக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

முதல் வியாழக்கிழமை எல்லோரும் அண்ணனை அடக்கிய கபருக்குப் போனார்கள். இறந்தவர் பேரில் அங்கே ரொட்டியும் பழமும் பங்கிடுவது வழக்கம். இன்ஷிராஹ் மூடிய தட்டோடு வந்தாள். துணியை விலக்கினால், நெய் மினுங்கும் பதீர். மேலே தேன்.

"முதல்ல நீங்க எடுங்க கொழுந்தனாரே."

"முதல்ல ஏழைங்களுக்குக் குடுங்க அண்ணி."

"இல்ல. அவர் சொல்லிட்டுப் போனது."

ஊரே பார்க்கிறது. பிட்டு வாயில் போட்டான். மென்றுகொண்டே நின்றான்.

அண்ணி பைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தாள். வெள்ளைத் துணியில் மஞ்சளாய்ப் பிசுக்கேறி, அந்த இடம் மட்டும் விறைத்துப்போயிருந்தது.

"நீங்க நடக்க ஆரம்பிச்ச மொத நாள்லேர்ந்து தலையணைக்கடியில வச்சிருந்தாரு. துவைக்கவே விடல. கடைசியா அவர் பேசினது இதுதான். 'வாரா வாரம் வியாழக்கிழமை, நீ இருக்கிற வரைக்கும், பதீர் சுட்டு அவனுக்கு முதல்ல குடு. தேன் ஊத்தியே குடு. தின்னு முடிச்சதும் இதைக் குடு. மீசையில தேன் ஒட்டியிருக்கும், நான் அன்னைக்குத் துடைச்ச மாதிரி துடைச்சுக்கட்டும்.' அவ்வளவுதான் சொன்னாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாகும்போதும் தம்பி மேலதான் பாசம். ஆனா எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

"இல்ல அண்ணி," என்றான் ஷவ்கி.

"போகட்டும். அடுத்த வாரம் இன்னும் நல்லா சுட்டுக் கொண்டுவர்றேன். தின்னுங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷவ்கி முழுவதையும் தின்று முடித்தான். பிறகு அந்தக் கைக்குட்டையை வாங்கி மீசையைத் துடைத்துக்கொண்டான்.