பன்னிரண்டு நாடுகளும் நான்கு வாளிகளும்

சன்னாசி பத்திரிகை வாசித்தால் பாதிச் செய்தி தாளில் இருக்கும், மீதி சன்னாசியிடமிருந்து வரும். மலாயா ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் பாலை நிறுத்து ஊற்றுவது அவன் வேலை. ரந்தாவ் டவுன் கடையிலிருந்து வரும் நாலு நாள் பழைய தாளை, வாளிகளோடு வரிசையில் நிற்கும் பெண்களுக்குச் சத்தமாகப் படிப்பது அவனாக எடுத்துக்கொண்ட வேலை. 1949 ஏப்ரலில் ஒரு பகல் அவன் படித்தது வாஷிங்டன் செய்தி. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு, கனடா என்று பன்னிரண்டு நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தன.

"இதுல ஒருத்தன் மேல எவனாச்சும் கைய வெச்சா, பன்னெண்டு பேரு மேலயும் வெச்ச மாதிரி. எல்லாரும் சேந்து வருவாங்க" என்றான்.

"இங்கிலீசுக்காரனுமா பயப்படுறான்?" என்று கேட்டாள் மயிலம்மாள்.

"அவன்தான் மொத ஆளு. போன வருசமே பக்கத்து நாடு நாலோட ஒண்ணு போட்டானாம். பத்தலன்னு இப்ப அமெரிக்காவையும் இழுத்திருக்கான்."

மயிலம்மாளுக்கு மனசு லேசானது. அவள் பால் வெட்டும் மரவரிசை, அவளுடைய நிரை, காட்டை ஒட்டி இருந்தது. காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பிடிக்கப் போன வருஷம் அவசரகாலம் போட்டதிலிருந்து, ஓர் இலை அசைந்தாலும் அவள் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். நிரையை மாற்றிக் கொடுக்கச் சொல்லி வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் ஆறுமுகத்திடம் கேட்டதற்கு, "நீ போவலன்னா அங்க யாரு போவா, துரையா?" என்று சிரித்துவிட்டுப் போனார். புருஷன் சந்திரன் இறந்தபின் அவள் பேரில்தான் லயத்து வீடு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். பயத்தை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது. உலகத்தில் பாதியைக் கட்டி ஆள்கிறவனே துணை தேடும்போது எனக்கென்ன வெட்கம் என்று இப்போது தோன்றியது.

"கடுதாசியில எழுதிட்டா வந்துருவாங்களாண்ணே?"

சன்னாசி தலையைச் சொறிந்தான். "இன்னும் யாரும் கூப்புட்டுப் பாக்கல லா."

அன்று சாயங்காலமே மயிலம்மாள் ஓர் ஒப்பந்தம் போட்டாள். அடுத்தடுத்த நிரைகளில் வெட்டும் நான்கு பெண்கள். யாருக்காவது ஆபத்து என்றால் கத்திப் பிடியால் வாளியைத் தட்ட வேண்டும், மற்ற மூவரும் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். கையெழுத்துப் போட ஒருத்திக்கும் தெரியாது. அதனால் நிச்சயதார்த்தத்துக்கு மாற்றுவதுபோல வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவானது. முத்தாயியும் செல்லம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

சிக்கல் நாலாவது பெண்ணான பஞ்சாலையிடம் இருந்தது. மயிலம்மாளுக்குப் பக்கத்து நிரை அவளுடையது, அவளால்தான் சீக்கிரம் வர முடியும். குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்த சண்டையில் ஒன்றரை வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. போதாததற்கு, மரத்தில் பால் வடியக் கட்டும் மங்கில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டுப் பாலையும் விரலால் வழித்து வாளியில் விடுகிற கை அவளுடையது. அவளா போட்டது போட்டபடி வருவாள்? முத்தாயியிடம் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தனுப்பினாள் மயிலம்மாள். பஞ்சாலை எடுத்துக்கொண்டாளாம். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெறும் வாளியைத் தட்டிப் பார்த்தார்கள். கோயில் மணிபோலக் கணீரென்று கேட்டது. பத்து மணிக்குமேல் வாளியில் பால் நிறைந்திருக்கும் என்பது ஒருத்திக்கும் நினைவு வரவில்லை.

ஒன்பதாம் நாள் பத்து மணி இருக்கும். மயிலம்மாள் மங்குகளிலிருந்து பால் எடுத்துக்கொண்டிருந்தபோது வாளிச் சத்தம் கேட்டது. இப்படி ஒரு நேரத்தை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருந்தாள். அத்தனையிலும் தட்டுகிறவள் அவள்தான், ஓடிவருகிறவர்கள் மற்றவர்கள். இப்போது சத்தம் பஞ்சாலையின் நிரையிலிருந்து வந்தது.

கால் நகரவில்லை. காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? சத்தம் நிற்காமல் வந்தது. அவ ஒண்டியா நிக்கிறாளே என்று நினைத்தாள், அவ்வளவுதான். வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

தொப்பியில் இலைதழை செருகிய ஆறு பேர் துப்பாக்கியோடு காட்டோரம் நின்றார்கள். பஞ்சாலை மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். மயிலம்மாள் போய் அவள் பக்கத்தில் நின்று கத்தியை நீட்டினாள். முன்னால் நின்றவன் துப்பாக்கியைத் தாழ்த்தி, பயப்பட வேண்டாம் என்று கையசைத்தான். அப்புறம்தான் முகம் தெரிந்தது. ரோந்து வந்த சர்க்கார் பட்டாளத்துக் கூர்க்கா சிப்பாய்கள். ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சலாம் வைத்தான். முத்தாயியும் செல்லம்மாவும் மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் அவர்கள் நிரை தாண்டிப் போய்விட்டார்கள்.

நால்வரும் சிரித்து ஓய்ந்த பிறகு முத்தாயிதான் கீழே பார்த்தாள். மரத்தடியில் ஒரு வாளிப் பாலும் வெள்ளையாகத் தேங்கி நின்றது.

"ஐயோ, தட்டி விட்டுட்டானுங்களா?"

"நாந்தான் கொட்டுனேன்." பஞ்சாலை முத்தாயிக்குப் பதில் சொன்னாலும் மயிலம்மாளைத்தான் பார்த்தாள். "நெறஞ்ச வாளி தொப்புனு கேக்குது. ஒனக்குக் கேக்கணுமேடி."

மயிலம்மாளின் வாளியில், ஓடிவந்ததில் சிந்தியது போகப் பாதிப் பால் இருந்தது. அவள் அதைத் தூக்கிப் பஞ்சாலையின் வாளிக்கு மேல் சரித்தாள். பால் சிந்தாமல் விழ, பஞ்சாலை தன் வாளியை இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.