சம்பந்தி கொடுத்த ஊமைப் பெட்டி

தோலெகென் வீட்டு ஹோம் தியேட்டர் உயிரை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அந்தச் செய்தியை வெளியே சொல்லத்தான் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரேயடியாகச் சாகவில்லை. முதலில் போனது ரிமோட். எழுந்து போய்த் திருகினால் உடம்புக்கு நல்லதுதானே என்று தோலெகென் விட்டுவிட்டார். அடுத்தது பின்பக்கத்து இடது ஸ்பீக்கர். முதுகுக்குப் பின்னால் கேட்காமல் போன சத்தத்துக்கு யார் உட்கார்ந்து அழுவார்கள்? அப்புறம், மூலையில் குந்தியிருந்த பெரிய பாஸ் பெட்டி உறுமுவதை விட்டுவிட்டு இரும ஆரம்பித்தது. கடைசியாக டி.வி.க்கு நேர் கீழே இருந்த நடுப்பெட்டி வாயை மூடிக்கொண்டது. சினிமாவில் பேச்செல்லாம் அந்த நடுப்பெட்டி வழியாகத்தான் வரும். ஆக, நாலு வருஷமாக அந்த வீட்டில் கார் மோதும், துப்பாக்கி வெடிக்கும், மழை கொட்டும். மனிதர்கள் மட்டும் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள்.

சனிக்கிழமை தவறாமல் தோலெகெனும் மனைவி ரௌஷானும் அதன் எதிரே உட்கார்ந்து படம் பார்த்தார்கள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுது?"

"புருஷன் செத்துட்டான் போல."

"புருஷன் பக்கத்துலயேதான உக்காந்திருக்கான்!"

"அப்ப அதுக்குத்தான் அழுவுது."

டி.வி.யின் சொந்தச் சத்தத்தில் பார்க்கலாம்தான். ஆனால் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருப்பதை மருமகள் மோல்திர் பார்த்துவிட்டால்? அந்த ஐந்து ஸ்பீக்கரும் பாஸ் பெட்டியும் அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த சீர். கம்பளம், மெத்தை, பீங்கான் சாமான் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் லாரியிலிருந்து இறக்கினார்கள். சம்பந்தி பெக்தாஸ், தராஸ் நகரத்துச் சந்தையில் டி.வி., ஸ்பீக்கர் கடை வைத்திருப்பவர். முன்னூறு பேர் கூடியிருந்த பந்தியில் மைக்கைப் பிடித்து, "இந்தப் பெட்டி பேரன் கல்யாணத்துலயும் பாடும்!" என்று முழங்கினார். பேரன் இப்போதுதான் நாலாம் வகுப்புக்கு வந்திருக்கிறான். பெட்டி அதற்குள் கண்ணை மூடிவிட்டது.

வேறு யார் கொடுத்திருந்தாலும் தோலெகென் தூக்கிக் குப்பையில் எறிந்திருப்பார். சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் இயந்திரம் பிரித்தவர், செத்ததைச் செத்தது என்று சொல்லத் தெரியாதவரா? ஆனால் மகன் கடலோரத்து எண்ணெய் வயலில் மாசக் கணக்கில் கிடக்க, இந்த வீட்டைத் தாங்குகிறவள் மோல்திர். அவருக்குச் சொந்த மகனைவிட அவளிடம்தான் ஒட்டுதல். "உங்க அப்பா கொடுத்தது ஓட்டை" என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? பெக்தாஸோ, வீட்டுக்கு வந்தால் பெண்ணை விசாரிக்கும் முன்பே, "என் பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்கிற ஆள். கேட்டுவிட்டு அதன் தலையைத் தடவி வேறு கொடுப்பார். மனுஷன் நல்லவனாக இருக்கலாம். அதற்காக நாலு வருஷம் ஊமைப் படம் பார்க்கிற அளவுக்கா இருப்பது? தோலெகென் இருந்தார்.

ஒருமுறை யாருக்கும் தெரியாமல் நடுப்பெட்டியைக் கோணிப்பையில் சுற்றி, ரிப்பேர்க்காரனிடம் எடுத்துக்கொண்டு போனார். அவன் முன்பக்கத் துணியைக் கழற்றி விரலால் தொட்டான். உள்ளே இருந்த நுரைப்பஞ்சு ஓரம் ரொட்டித்தூளாக உதிர்ந்தது.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பன்னெண்டு."

"ஏழெட்டு ஓடினாலே பெருசு, அண்ணே. பாடினாலும் பாடாட்டியும் இது மக்கிப் போகும். ஆம்ப்ளிஃபயரும் வீங்கிக் கிடக்கும், ஸ்பேரும் வராது. பேசாம அடக்கம் பண்ணிட்டுப் புதுசு வாங்குங்க."

அடக்கம் பண்ணுவதுதான் எப்படி என்று தெரியவில்லை. அவர் நாலைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். அப்புறம்தான் அக்கா மகன் சயான் நினைவுக்கு வந்தான்.

அந்த ஊர் வழக்கப்படி, தாய்மாமன் வீட்டில் அக்கா மகனுக்கு மூன்று முறை கேட்கும் உரிமை உண்டு. அவன் வாய் திறந்து எதைக் கேட்டாலும் மாமன் கொடுத்தாக வேண்டும். மறுத்த வீடு உருப்படாது. சயான் பொடியனாக இருந்தபோது ஒரு வேட்டை நாயைக் கேட்டான். கல்யாணம் ஆனபோது பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிளைக் கேட்டான். மூன்றாவது பாக்கி இருந்தது. அந்த மூன்றாவதை நினைத்தாலே தோலெகெனுக்குத் தூக்கம் போய்விடும். ஏனென்றால் கொட்டிலில் தோரி நின்றாள்.

தோரி செம்பழுப்பு நிறப் பெண்குதிரை. குட்டியாக வாங்கி, கையால் தீனி வைத்து வளர்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு, காலையில் அவள் மேல் ஏறி ஆற்றங்கரை வரை போய் வருகிற ஒரு மணி நேரம்தான் தோலெகெனின் சொந்த நேரம். சயான் வரும்போதெல்லாம் கொட்டில் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா மாமா" என்பான். அவன் கிளம்பின பிறகுதான் இவருக்கு மூச்சு வரும்.

இப்போது யோசித்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சம்பந்தி எதிரிலேயே சயான் பெட்டியைக் கேட்கட்டும். வழக்கம் கேட்டது, கொடுத்தேன். யார் மனசும் நோகாது. மூன்றாவது உரிமையும் தீர்ந்தது, தோரியும் பிழைத்தாள். தோலெகெனுக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. ரௌஷானிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் வாயில் ஒரு ரகசியம் ஒரு வேளைக்கு மேல் தங்காது.

சயான் தராஸுக்கு டாக்ஸி ஓட்டுகிறவன். வண்டி நிறுத்தத்திலேயே போய்ப் பிடித்தார்.

"செத்த பெட்டிக்கா மாமா என் மூணாவதைப் போடச் சொல்றீங்க?"

"மரம் நல்ல மரம்டா. கோழி அடைக்கலாம். ஒரு ஆடும் தர்றேன், தனியா."

சயான் தாடையைச் சொறிந்தான். "பெரியவங்க சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்" என்றான். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டானே என்று அப்போதே தோலெகென் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குளிர்கால இறைச்சிக்குக் குதிரை அறுத்து உறவை அழைக்கிற விருந்துக்குப் பெக்தாஸ் வந்தார். (தட்டில் இருப்பது வேறு குதிரை, கொட்டிலில் இருப்பது வேறு, அதைக் குழப்பிக்கொள்பவர்கள் அந்த ஊரில் கிடையாது.) காலணியைக் கழற்றியதும் நேரே பெட்டியிடம் போனார்.

"என் பெட்டி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு" என்றார் தோலெகென். அதில் பொய் இல்லை. ராஜாவும் ஒரு வேலையும் செய்யாமல்தானே உட்கார்ந்திருப்பார்.

"ஒரு பாட்டு போடுங்களேன் சம்பந்தி!"

"இப்பத்தான் சின்னது தூங்கிச்சுப்பா" என்று மோல்திர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். பின்னாலேயே அந்தச் சின்னப் பேத்தி ஓடி வந்து தாத்தா மடியில் ஏறினாள். நல்லவேளை, அதற்குள் இறைச்சித் தட்டு வந்துவிட்டது.

தட்டு பாதி காலியானபோது தோலெகென் சயானைப் பார்த்து இருமினார். சயான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"மாமா, எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. எல்லாரும் இருக்கறப்பவே கேட்டுடறேன். எனக்கு அந்தப் பெட்டி வேணும்."

தோலெகென் மார்பில் கை வைத்தார். "அடப்பாவி! கண்ணைக் கேட்டிருந்தா ஒண்ணைப் புடுங்கிக் குடுத்திருப்பேனேடா! சம்பந்தி ஆசையா குடுத்தது!" அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் கண்ணைத் துடைத்தார். "என்ன செய்ய? வழக்கம்னு ஒண்ணு இருக்கே. எடுத்துக்கடா."

"நில்லுங்க!"

பெக்தாஸ் எழுந்து நின்றிருந்தார். மனுஷனுக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. தன் பெட்டிக்காக ஒருவன் கடைசி உரிமையைச் செலவழிக்கிறான், இன்னொருவன் அதைப் பிரிய முடியாமல் அழுகிறான் என்றால் எந்தக் கடைக்காரனுக்குத்தான் நெஞ்சு நிறையாது?

"சம்பந்தி, நீங்க அழக் கூடாது. இந்தக் கேள்வியே செல்லாது. அக்கா மகன் கேக்கலாம், மாமன் சொத்தை. இது மாமன் சொத்தா? இது என் பொண்ணோட சீர். பொண்ணு சீர் பொண்ணுக்குத்தான். அதுல புருஷனுக்கே பாத்தியதை இல்ல, அக்கா மகனுக்கு எங்கேர்ந்து வரும்?"

தோலெகென் கண்ணைத் துடைத்த கையை அப்படியே இறக்கினார். அறுபத்து மூன்று வயது வரை அந்த ஊரிலேயே இருந்து, பத்துக் கல்யாணம் பேசி முடித்தவர். இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போனது?

"இல்ல சம்பந்தி, பரவால்ல, எடுத்துக்கிட்டுப் போகட்டும்…"

"அதெப்படிங்க?" என்று ரௌஷான் புகுந்தாள். "சம்பந்தி சொல்றதுதான் ஞாயம். நம்ம வீட்டுல மருமக சீரை எடுத்து வெளியே குடுத்தாங்கன்னு ஊரு சிரிக்கவா?" அவள் கணவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

சயான் மெதுவாகக் கேட்டான். "அப்ப என் மூணாவது என்ன ஆச்சு? போச்சா, இருக்கா?"

"இருக்கு" என்றார் பெக்தாஸ் நீதிபதி மாதிரி. "செல்லாத கேள்வி கணக்குல சேராது. வேற கேளுப்பா. மாமன் சொத்துல கேளு."

சயான் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே கொட்டில்.

"அப்ப தோரி, மாமா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அறையில் எல்லோரும் தோலெகென் முகத்தையே பார்த்தார்கள். பெட்டிக்கு அவ்வளவு அழுதவர் இப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உதடு மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"எடுத்துக்க" என்றார்.

தேநீர்க் கிண்ணங்களோடு வாசலில் நின்ற மோல்திர் தட்டைக் கீழே வைத்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"அப்பா, பெட்டி என்னோடதுதானே?"

"உன்னோடதுதாம்மா."

"என்னோடதுன்னா நான் சொல்லலாம். அது செத்து நாலு வருஷம் ஆச்சு. உங்க மனசு நோகக் கூடாதுன்னு மாமாவும் அத்தையும் ஒரு வார்த்தை காதுல விழாம படம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. தெரியும் எனக்கு. சொன்னா அவங்க சங்கடப்படுவாங்களேன்னு நானும் வாயத் திறக்கல. இப்ப தோரி போகுது. இதுக்கு மேல என்னால முடியாதுப்பா."

தோலெகென் தரையைப் பார்த்தார். இவளுக்குத் தெரியாமல் மறைப்பதாக நினைத்து அல்லவா பச்சை விளக்கைக் காவல் காத்தோம்! இனி சம்பந்தி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார் என்று காத்திருந்தார்.

பெக்தாஸ் குழம்பிப் போய்க் கேட்டார். "எட்டு வருஷம் ஓடுச்சா?"

"ஓடுச்சு" என்றார் தோலெகென்.

"எட்டா! சம்பந்தி, கடையில கேக்கறவங்ககிட்ட நான் அஞ்சு வருஷம்னுதான் சொல்றேன். அதுக்கு மேல ஓடினா உங்க அதிர்ஷ்டம்னு சொல்லித்தான் விக்கறேன்."

"கல்யாணத்துல மைக்குல அப்படிச் சொல்லலயே!"

"கல்யாணத்துல யாராவது அஞ்சு வருஷம்னு சொல்வாங்களா? பொண்ணு மாப்பிள்ளையையே நூறு வருஷம் வாழணும்னுதானே சொல்றோம்! ஒரு போன் போட்டிருந்தா மறுநாளே புதுசு வந்திருக்குமே. நான் எல்லா தடவையும் 'எப்படி இருக்கு'ன்னு கேட்டது வேற எதுக்காம்?"

ரௌஷான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பெக்தாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தோலெகென் சிரிக்கவில்லை. நம்பிக்கையோடு சயானைப் பார்த்தார்.

சயான் கிண்ணத்துக்குள் பார்த்தபடி சொன்னான். "கேட்டது கேட்டாச்சு மாமா. குடுத்தது குடுத்தாச்சு. திருப்பினா மாமன் வீட்டுக்கு ஆகாதுன்னு அம்மா சொல்வாங்க. ஆடு வேணாம்."

முற்றத்தில் பனி விழுந்துகொண்டிருந்தது. சயான் கொட்டிலிலிருந்து தோரியை வெளியே கொண்டுவந்தான். எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அவன் தோரியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"இன்னும் எத்தனை வருஷம் உழைப்பா மாமா?"

தோலெகென் படியிறங்கி வந்து அவன் கையிலிருந்த கயிற்றை ஒரு சுற்றுத் தளர்த்தினார்.

"பதினோரு வயசு ஆச்சு. ஓட்டம் இன்னும் ஏழெட்டு வருஷம். அப்புறம் நடைதான், அடிக்காதே. முன் வலது கால் குளிர்ல இழுக்கும், காலைல கொஞ்ச தூரம் நடத்திட்டு அப்புறம் ஏறு. பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா, வெதுவெதுன்னு வை. பட்டாசு, பஸ் ஹாரன் ரெண்டுக்கும் மிரளுவா. இடது பக்கத்துலேர்ந்து ஏறினா பிடிக்காது. பேசிக்கிட்டே இருக்கணும், பேசலன்னா நின்னுடுவா. என்ன வேணா பேசு. விலைவாசி பேசு. கேப்பா…"

சொல்லிக்கொண்டே போனார். ஒரு பெட்டி பாடவில்லை என்று நாலு வருஷமாகச் சொல்லத் தெரியாத மனுஷன் நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சயான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.