அலைக்கு முன்னால் நின்றவள்

சினிமாவுக்காகக் கணினியில் செய்த அலையை முதல் தடவை பெரிதாக்கிய அன்று தண்ணீர்க்காரரின் மனைவிக்குக் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. சமையலறைத் தரை காய்ந்துதான் கிடந்தது. அவளைச் சுற்றி மட்டும் ஒரு முழ அகலத்துக்கு நின்றது, அவள் நடந்தால் கூடவே நடந்தது. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்த பிளம்பர், இது தன் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர்க்காரர் வேலை பார்த்த கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஆரம்பித்தது. முதலில் சண்டைக் காட்சிகளில் ஆட்களைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிகளை அழித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மழை, நெருப்பு, இடிந்து விழும் கட்டடம் என்று வளர்ந்து, டயர் கடையையும் விழுங்கி மூன்று மாடியானது. கணினியில் தண்ணீர் செய்வதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அந்த மூன்று மாடியில் ஒருவர் பெயரும் வராது. அந்த வயிற்றெரிச்சலில் ஒரு வழக்கம் பிறந்தது. கூட்டம் தேவைப்படும் காட்சிகளில் சொந்தக்காரர்களைப் படம்பிடித்து உள்ளே நிறுத்திவிடுவார்கள். சித்தப்பா, மச்சினி, மாமியார் என்று குடும்பம் குடும்பமாகப் பூகம்பத்தில் ஓடியிருக்கிறார்கள். பின்வரிசை என்பதால் வீட்டில் அவர்கள் தலையில் கொஞ்சம் தூசி படியும், குளித்தால் போய்விடும். இவர்தான் ஆசைப்பட்டு மனைவியை முன்வரிசையில், பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி, வரும் அலையைப் பார்த்து நிற்க வைத்தார்.

டைரக்டருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் நிற்கிற அழகுக்கு அலை போதாது என்றார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தண்ணீர் முழங்கால், இடுப்பு என்று ஏறியது. உங்கள் தண்ணீர் இப்படி ஜில்லென்று இருக்கிறதே, கொஞ்சம் வெதுவெதுப்பாகச் செய்யக் கூடாதா என்று அவள் கேலி செய்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் காட்சியிலிருந்து சத்தமில்லாமல் அழித்துவிடலாம் என்று நினைத்தபோது, வெளிச்சம் அமைப்பவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் ஒருமுறை தன் அக்கா புருஷனை ஒரு கூட்டத்திலிருந்து அழித்திருக்கிறார். மறுநாள் அக்கா, தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சத்தியம் செய்தாளாம். தண்ணீர்க்காரர் முதலாளியிடம் போய் அலையையாவது குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

முதலாளி கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இந்த ஒரு ஷாட் கைவிட்டுப் போச்சுன்னா ஸ்டுடியோவையே இழுத்து மூடணும்ப்பா. நீ செய்யலைன்னாலும் வேற ஆள வெச்சு செய்யத்தான் போறேன்," என்றார்.

கழுத்து வரை வந்தபின் அவள் நின்றபடியே தூங்கினாள். இவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று சோறு ஊட்டினார். அழிக்கும் யோசனை அவர் மனதில் இன்னும் ஓடுவதை அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.

"அழிச்சிடாதீங்க. நான்னு ஒருத்தி இருந்ததே உங்களுக்குத் தெரியாமப் போயிடும். அதுக்கு முழுகிப் போறதே மேல்," என்றாள்.

அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். தண்ணீர் செய்யக் கற்றுக்கொண்ட நாளை வாய்க்கு வந்தபடி திட்டினார். மறுநாள் ஆபீஸில் தன்னையே படம்பிடித்துப் பாலத்தில் அவள் பக்கத்தில் நிறுத்தி, கைப்பிடியிலிருந்த அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தார். கடைசி அலையை, டைரக்டர் கேட்டதைவிடக் கொஞ்சம் உயரமாகவே, எந்தக் குறையும் இல்லாமல் செய்துகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

படம் நன்றாக ஓடியது. ஆனாலும் அடுத்த வேலை வேறு ஸ்டுடியோவுக்குப் போனதால் அந்த வருஷமே இதை மூடிவிட்டார்கள். வாடகை வரவில்லையே என்று வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே கூரை வரை தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. சமையலறைப் பக்கம் இருவரும் கைகோத்து நின்றுகொண்டிருந்தார்கள், அவள் தலைமுடி மட்டும் மெதுவாக அசைந்தது. மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தார்கள், குறையவில்லை. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் அதற்கு மெனக்கெடுவதில்லை. மாடிக்குக் குடிவருபவர்களிடம், கீழே புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், சத்தமே இருக்காது என்று மட்டும் சொல்லி வைக்கிறார்.