பால் பொங்கிய வேன்

சந்திரமதி வாங்கிய பழைய வேனில், பால் பொங்கிய அந்த வாரம் முடிவதற்குள் ஓர் அறை கூடியிருந்தது. வெளியே வண்டி ஓர் அங்குலம்கூட நீளவில்லை. குவீன்ஸ்டவுன் கார்பார்க்கில் வெள்ளைக் கோட்டுக்குள் ஒழுங்காகத்தான் நின்றது. உள்ளே மட்டும், படுக்கைக்குப் பின்னால் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதவும், கதவுக்கு அப்பால் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு ஓர் அறையும் இருந்தன. அதைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம் துடைப்பத்தை எடுத்துக் கூட்டியதுதான். புது அறையானாலும் தூசி இருக்கத்தானே செய்யும்.

அவள் வேன் வாங்கியதற்குக் காரணம் சோறு. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. ஐம்பத்தாறு வயதில் புக்கிட் மேராவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை பார்த்தாள். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டியவளால், மாலையில் தனக்கென்று ஒரு மிளகு ரசம் வைத்துக்கொள்ள முடியாது. கணவர் பிரிந்து போனபோது வீடும் விற்றுப்போனது. அதன்பிறகு வாடகை அறைகள்தாம். அறை கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எல்லோரும், ஏதோ பேசி வைத்துக்கொண்டதுபோல், ஒரே நிபந்தனையைச் சொன்னார்கள். சமைக்கக் கூடாது. தண்ணீர் சுடவைக்கலாம், பாக்கெட் மீ நூடுல்ஸ் போட்டுக்கொள்ளலாம், தாளிக்க மட்டும் கூடாது. ஒரு வீட்டுக்காரம்மாவுக்குக் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே படபடப்பு வந்துவிடும். சந்திரமதி கோபப்படவில்லை. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, வீடு அந்த அம்மாவுடையது. ஆனாலும் கடையில் வாங்கிய சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிலில் உட்கார்ந்து பிரிக்கும்போதெல்லாம், யார் வீட்டிலோ ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும். தன் அடுப்பில் சமைத்து, தன் தட்டில் சாப்பிட ஓர் இடம். அவள் கேட்டது அவ்வளவுதான். அரசாங்க வாடகை வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள், அவள் முறை இன்னும் வரவில்லை. கையிலிருக்கும் சம்பளத்தில் அடுப்போடு கிடைக்கக்கூடியது ஒரு வண்டிதான் என்று ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அவளுக்குப் புத்தியில் பட்டது. முன்பு ஒரு கேட்டரிங் கடைக்கு வேன் ஓட்டியவள், அதனால் லைசென்ஸ் இருந்தது.

வேனை விற்றவர் செம்பவாங்கில் இருந்த ரிச்சர்ட். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஈவாவோடு ஜொகூரைத் தாண்டி வடக்கே தாய்லாந்து வரை போய்வருவதற்காக அந்த வேனுக்குள் தன் கையாலேயே அடுப்பு, அலமாரி, மடக்குக் கட்டில் எல்லாம் பற்றவைத்திருந்தார். வேலை முடிவதற்கும் ஈவா படுத்த படுக்கையாவதற்கும் சரியாக இருந்தது. வேன் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டவே இல்லை. ஈவா போன பிறகு வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்ஜினைத் திறக்கச் சொன்னார்கள். சந்திரமதி மட்டும் அடுப்பைப் பற்றவைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

“வண்டி வச்சுக்கிற சிஓஇ பர்மிட் இன்னும் ரெண்டு வருஷம் சொச்சம்தான் மா இருக்கு,” என்றார் ரிச்சர்ட். “அது முடிஞ்சா வண்டியை யார்டுல குடுத்து நசுக்கிடணும். புதுப்பிக்கிறதுன்னா நம்மளால ஆகாது லா. பின்னாடி என்னைத் திட்டக்கூடாது.”

“ரெண்டு வருஷம் நல்லா சாப்பிட்டுக்கிறேனே,” என்றாள் அவள்.

ரிச்சர்ட் சாவியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து எண்ணெய், பிரேக் எல்லாம் பார்த்துத் தருவதாகவும் சொன்னார்.

தவறு நடந்தது அடுத்த நாள். புது வண்டி வாங்கினால் கோயில் வாசலுக்கு ஓட்டிப் போய், மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதுதான் முறை. லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அவள் தோழி தங்கம் மாலையும் பழமும் தயாராக எடுத்து வைத்திருந்தாள். சந்திரமதியோ தேக்கா சந்தையில் பாலும் புதுப் பாத்திரமும் வாங்கிக்கொண்டு நேரே கார்பார்க்குக்குப் போய், வேனைக் கிழக்குப் பார்க்க நிறுத்தி, சாமி படத்தை முதலில் உள்ளே கொண்டுபோய் வைத்து, பால் காய்ச்சிவிட்டாள். பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, வண்டியின் தரையெல்லாம் ஓடியது. அவள் கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

“வண்டிக்கு எவளாவது பால் காய்ச்சுவாளா? அது வீட்டுக்குச் செய்யறது,” என்று தங்கம் தலையில் அடித்துக்கொண்டாள். “இப்ப அது தன்னை என்னன்னு நினைச்சுக்கும்?”

அது தன்னை வீடு என்று நினைத்துக்கொண்டது. யாரும் அதற்கு எடுத்துச் சொல்லித் திருத்தவில்லை. முதல் அறைக்குப் பிறகு, மழைக்காலத்தில் ஒரு கூடம் வந்தது. தீபாவளிக்கு முன்னால் துணி காயப்போட மூங்கில் கழிகளோடு ஒரு பின்கட்டு வந்தது. சுவரில் ஒரு பல்லி குடியேறி, சந்திரமதி ஏதாவது யோசிக்கும்போது சகுனம் சொன்னது. வருடாந்தரப் பரிசோதனைக்கு ஓட்டிப்போனபோது வண்டியை அளந்தவர்கள் நீளம், அகலம், உயரம் எல்லாம் சரி என்றார்கள். பின்கதவைத் திறந்து பார்த்த ஒருவர் கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, டயர் ஒன்றை மாற்றச் சொல்லி அனுப்பினார். வீடென்று ஆகிவிட்டபடியால் வண்டிக்கு ஓடுவதில் முன்போல் ஆசை இல்லை. காலையில் அவளை வேலைக்குக் கொண்டுபோய்விடும்போது முனகும், மாலையில் குவீன்ஸ்டவுன் திரும்புகையில் பறக்கும்.

அதற்குள் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் யாரோ புகார் செய்துவிட்டார்கள். வேனுக்குள் ஆள் இருக்கிறது என்பதல்ல புகார். வேனுக்கு வெளியே செருப்புகள் கிடக்கின்றன என்பதுதான். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவது வழக்கம், அவளைப் பார்க்க வருகிறவர்கள் அனைவரும் பக்கத்து வண்டி நிற்கிற லாட்டில் கழற்றிப் போட்டார்கள். கார்பார்க் அதிகாரி ரய்யான் வந்தார். இளவயது, நல்ல மாதிரி.

“அக்கா, வேன்ல தங்குறது ரூல்ஸ்படி கூடாது லா.”

“வேன்ல எங்க தம்பி தங்குறேன்? உள்ள வந்து பாருங்க.”

ரய்யான் தன்னையறியாமல் பூட்சைக் கழற்றிவிட்டு ஏறினார். கூடம், அறை, பின்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய சட்டம் முழுக்க வண்டிகளைப் பற்றியது. இது வண்டி இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கார்பார்க்கில் வீடு இருந்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சாம்பார் சோறும் வாழைக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுவிட்டு, செருப்பை மட்டும் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ரிச்சர்ட் சொன்னபடி ஞாயிறுதோறும் வந்தார். என்ஜினைப் பார்ப்பார், சாப்பிடுவார், போவார். உள்ளே அறைகள் கூடுவதைக் கவனித்தாலும் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிலுக்கு மேலே புதிதாக ஒரு ஜன்னல் இருந்தது. அவர் அதைப் பார்த்ததும் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“ஈவா கேட்டா,” என்றார். “படுத்தா வானம் தெரியணும், இங்க ஒரு ஜன்னல் வைங்கன்னு. தகரம் வீக்காயிடும்னு நான் முடியாதுன்னுட்டேன். ஒரு ஜன்னல் மா. வச்சிருக்கலாம்.”

அவர் முதுகைத் தடவிக் கொடுக்கலாமா என்று சந்திரமதி நினைத்து, பிறகு தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் சாப்பாடு முடிந்ததும் அந்த ஜன்னலுக்குக் கீழே படுத்துச் சற்று நேரம் தூங்கிவிட்டுப் போவார். அந்த நேரத்தில் அவள் பாத்திரம் துலக்கும்போது சத்தம் வராமல் பார்த்துக்கொள்வாள். எவருக்காகவோ சத்தமில்லாமல் இருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இரண்டு வருடமும் அந்தச் சொச்சமும் ஓடிப்போயின. சிஓஇ முடியும் மாதம் வந்தது. வீட்டுக்கு அதெல்லாம் புரியுமா? அது பாட்டுக்கு ஊறுகாய் வைக்க ஒரு மாடம் கட்டிக்கொண்டிருந்தது. சந்திரமதி மறுபடியும் அறை தேடினாள், மறுபடியும் அதே நிபந்தனை.

“என் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு,” என்றார் ரிச்சர்ட். “நீங்க எதை வேணா சமைக்கலாம்.”

“அது ஈவாக்கா அடுப்படி,” என்றாள் சந்திரமதி. “அங்க வந்து ஒரு வேளை பொங்கிப் போடுவேன். எனக்கு எனக்குன்னு ஒண்ணு வேணும், தப்பா நினைக்காதீங்க.”

அவர் தப்பாக நினைக்கவில்லை.

கடைசி நாள் காலை அவள் ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கேற்றி, போய்வருகிறேன் என்று சொன்னாள். துணிமணியும் சாமி படமும் தங்கத்தின் கடைக்குப் போயின. ரிச்சர்ட் பக்கத்தில் உட்கார, அவளே ஓட்டினாள். என்றும் முனகுகிற வண்டி அன்று இறகுபோல் ஓடியது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. யார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று பின்கதவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கூடம் இல்லை, ஜன்னல் இல்லை, ரிச்சர்ட் பற்றவைத்த அடுப்புகூட இல்லை. துருப்பிடித்த வெறும் தகரம். வீடு வழியிலேயே செத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். இயந்திரம் வண்டியைத் தூக்குவதை அவளால் பார்க்க முடியவில்லை. திரும்பி நின்று, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ரிச்சர்ட் அவள் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

கார்பார்க்கில் விட்டுவந்த கறிவேப்பிலைத் தொட்டியை எடுக்க இருவரும் பஸ் பிடித்து குவீன்ஸ்டவுன் வந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. தூரத்திலிருந்தே, காலியாக இருக்க வேண்டிய லாட்டில் ஒரு திரைச்சீலை காற்றில் ஆடுவது தெரிந்தது. கிட்டப் போனார்கள். சக்கரம் இல்லை, தகரம் இல்லை, வண்டியின் வெள்ளைப் பெயின்ட் இல்லை. வண்டி என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் அடுப்பு இருந்த உயரத்தில் அடுப்பு இருந்தது. அதற்குப் பின்னால் கட்டில், கட்டிலுக்கு மேலே ஜன்னல், கதவு, அறை, கூடம். காலையில் அவள் ஏற்றிய விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

“வண்டி மட்டும்தான் போயிருக்கு,” என்றார் ரிச்சர்ட்.

சந்திரமதி ஒரு காலை உயர்த்தி வைத்துப் பார்த்தாள். படி தாங்கியது. ஏறி உள்ளே போய், அடுப்பைத் தொட்டாள், சுவரைத் தொட்டாள், பல்லி கத்தியது. ரிச்சர்ட் கீழேயே நின்றார்.

“உள்ள வாங்க,” என்றாள். “என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க? பசிக்கும்ல.”

அந்த லாட்டில் அதன்பிறகு யாரும் வண்டி நிறுத்தவில்லை. சில மாதம் கழித்து கார்பார்க்குக்குப் புதுக் கோடு போட வந்த வங்காளதேசத்துத் தொழிலாளர்கள், பெயின்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றார்கள். கூட வந்திருந்த ரய்யான், அடுப்படி எதுவரை வருகிறது என்று கேட்டார். சந்திரமதி கரண்டியோடு இறங்கி வந்து, இங்கிருந்து இதுவரை என்று காலால் காட்டினாள். அவர்கள் கோட்டை அங்கே வளைத்து, அடுப்படியைச் சுற்றிக் கொண்டுபோய், மறுபடி நேராக்கினார்கள். பெயின்ட் காயும்வரை யாரும் மிதிக்காமலிருக்க அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அழுதாள், சந்தோஷத்தில்தான். பிறகு எழுந்து போய் எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டாள். அது புளோக் முழுக்கக் கேட்கும்படி வெடித்தது.