இருபத்துமூன்றாம் நகர்த்தலுக்கு என்ன குறி போடுவது

1

ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வரிக் குறிப்பு எழுத வராமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். சால்ட்டோ நகரில் எங்கள் செஸ் கிளப்பின் மாத இதழுக்கு நான் ஆசிரியர். நல்ல ஆட்டம் ஒன்றை எடுத்துக் கணினியில் ஓட்டி, நகர்த்தலுக்கு நகர்த்தல் குறி போடுவேன். அருமை என்றால் ஆச்சரியக்குறி, சொதப்பல் என்றால் கேள்விக்குறி, மகா சொதப்பலுக்கு இரண்டு. ஆடிய இருவரும் குறி போட்ட தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். (ஒருமுறை ஒரு கேள்விக்குறிக்காக நாற்காலி பறந்தது. இந்த விதி அன்றுதான் வந்தது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்த மாலையில் வால்டெமார், தோல்வியின் கரையில்—'

ச்சீ. ஆறு வேண்டாம். கரை அதைவிட வேண்டாம்.

இப்படி: வால்டெமார் எட்செகோயன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சுல்மா ஃபெரெய்ரா வேதியியல் ஆசிரியை, ஐந்து முறை கிளப் சாம்பியன். இருபத்தாறு வருடங்களில் அவர் சுல்மாவை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. போன சனிக்கிழமை ஜெயித்தார்.

3

இருபத்துமூன்றாவது நகர்த்தலில் வால்டெமார், சுல்மாவின் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தன் குதிரையால் வெட்டினார். குதிரைக்குக் காவல் இல்லை, ராஜாவே அதைத் தின்றிருக்கலாம். சுல்மா பதினோரு நிமிடம் யோசித்தார். தின்னவில்லை. யானையை ஒதுக்கி வைத்தார். அடுத்த ஒன்பது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. கிளப்பே எழுந்து கைதட்டியது, நான் விசிலே அடித்தேன்.

கணினி கைதட்டவில்லை. குதிரைக்கு இரண்டு கேள்விக்குறி. தின்னாததற்கும் இரண்டு.

4

தாளைப் பார்த்ததும் சுல்மா சிரித்தார்.

"இதுக்கு மெஷின் வேற வேணுமாக்கும்! தின்னா நான் ஜெயிச்சேன்னு அப்பவே தெரியும்ப்பா."

"அப்புறம் ஏன் தின்னல?"

"யாரு கொடுத்தது, பாரு. இத்தனை வருஷத்துல அந்தாளு ஒரு சிப்பாயைச் சும்மா விட்டிருக்காரா? கஞ்சன்! அவரே குதிரையைத் தூக்கித் தர்றார்னா, எனக்குத் தெரியாத எதையோ பார்த்துட்டார்னு நெனச்சேன். எப்பவும்போல மாத்தே டீக் குடுவைல வெந்நீர ஊத்தி என்கிட்ட நீட்டினார். கை துளிகூட ஆடல."

"அதை நம்பிட்டீங்களா?"

"என் கணக்கைவிட அவரைத்தான் நம்பினேன். அதுக்கு உன் மெஷின்ல குறி இருக்கா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்படித் தோற்க எனக்கு வராது.

5

[வால்டெமாரை ரொம்ப நல்லவராக்குகிறேனோ என்று சந்தேகம். நகர்த்தலைத் திரும்ப எடுத்துவிட்டு இல்லை என்று சாதிப்பவர். ஜன்னலை மூடு, திற என்று உயிரை வாங்குபவர். இதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.]

6

பணிமனையில், பேருந்துக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். வாழ்நாளின் ஒரே அழகான நகர்த்தலுக்குக் கீழே இரண்டு கேள்விக்குறி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"சரியாத்தான் போட்டிருக்கு, தம்பி."

"என்னது?"

"குதிரையை வச்சுட்டுக் கடிகாரத்தைத் தட்டினேன் பாரு, அடுத்த நொடியே தெரிஞ்சுபோச்சு. செத்தோம்னு நெனச்சேன். என்ன செய்ய, மேஜைக்கு அடியில ஒளியவா முடியும்? மாத்தேயை ஊத்தி நீட்டினேன். அந்தப் பதினோரு நிமிஷமும் எனக்கு மூச்சே வரல."

பேனாவை வாங்கினார். தாளில் வைத்தவர், நிறுத்தினார்.

"அவங்க அதைப் பார்க்கலதானே? அவங்களும் மனுஷிதானே, கண்ணுல படாமப் போயிருக்கும். அப்படின்னா ஜெயிச்சது ஜெயிச்சதுதான். பார்த்துட்டு விட்டுக்கொடுத்திருந்தாங்கன்னா… அந்த வெற்றி எனக்கு வேணாம். கையெழுத்தும் கிடையாது."

7

முடிவு அ: 'பார்க்கவில்லை' என்கிறேன். அவர் வெற்றி அச்சில் ஏறுகிறது. சுல்மா கவனம் தவறியவராகிறார்.

முடிவு ஆ: உள்ளதைச் சொல்கிறேன். விட்டுக்கொடுத்ததல்ல, உங்களை நம்பியது என்று விளக்க வாயெடுப்பதற்குள் அவர்—

முடிவு இ எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

கணினி இந்த ஆட்டத்தில் நான்கு கேள்விக்குறி பார்த்தது. நான் பார்த்தது, பதினோரு நிமிடம் ஒரே நகர்த்தலை இருபக்கமும் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை. ஒருவர் எதிரில் இருப்பவரை நம்பினார். மற்றவர், தன்னை இவ்வளவு நம்ப ஒருவர் இருப்பார் என்று நினைத்தே பார்க்கவில்லை.

பேனா இன்னும் தாளின்மேல்தான் இருக்கிறது. "சொல்லு தம்பி, பார்த்தாங்களா?" என்று மறுபடியும் கேட்கிறார். அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.